ரொறன்ரோவில் தக்காளிக் கன்று: வீட்டுக்குள் விதை போடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெப்ரவரி கடைசியில் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். சொந்தக்காரர், கோயிலில் கண்டவர்கள், மகளின் சிநேகிதியின் அம்மா என்று கேட்பவர்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறாது. ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் பதினாலு வருடமாகத் தக்காளிக்கு விதை போடுகிறேன். கேட்டதைக் கேட்டபடியே எழுதி, கீழே என் பதிலையும் போட்டிருக்கிறேன். திகதிகள் எல்லாம் ரொறன்ரோவுக்கும் அதை அண்டிய இடங்களுக்கும் உரியவை.

"ஊரில விதையை வளவுக்கை எறிஞ்சாலே முளைக்கும். இஞ்ச ஏன் வீட்டுக்கை வைச்சு மினக்கெடவேணும்?"

காலம் போதாது, அதுதான். இங்கே மே நடுப்பகுதி வரை இரவில் உறைபனி விழலாம். ஒக்ரோபரில் அது திரும்பி வந்துவிடும். தக்காளிக்கு விதையிலிருந்து முதல் பழம் வரை நாலு மாதம் வேண்டும், சில இனங்களுக்கு அதற்கும் மேலே. மண் 10 பாகைக்குக் கீழே இருந்தால் விதை முளைக்காது. மண் சூடாகும் வரை பார்த்திருந்து மே கடைசியில் நேரே நிலத்தில் போட்டால், பழம் சிவக்கும் நேரத்தில் நாங்கள் குளிர்ச் சட்டை தேடிக்கொண்டிருப்போம்.

எங்கள் குப்பைக் குவியலில் ஒவ்வொரு ஜூனிலும் தக்காளி தானாக முளைக்கிறது. நல்ல செழிப்பான செடிகள். ஒக்ரோபரில் கை நிறையப் பச்சைக் காய் தரும், பொரியலுக்குச் சரி.

"சரி, எந்தத் திகதியில விதை போடுறது?"

விக்ரோறியா தினத்திலிருந்து பின்னுக்கு எண்ணுங்கள். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது. இங்கே பலரும் அந்த நீண்ட வார இறுதியில்தான் தக்காளியை வெளியே நடுவார்கள். அதற்கு 6 முதல் 8 கிழமைக்கு முன் விதை போட வேண்டும், அதாவது மார்ச் கடைசிக் கிழமையிலிருந்து ஏப்ரல் இரண்டாம் கிழமைக்குள். நான் மார்ச் கடைசியில் போடுவேன்.

மிளகாய் மெதுவாக முளைத்து மெதுவாக வளரும் என்பதால் அதற்கு 8 முதல் 10 கிழமை கொடுங்கள். கத்தரிக்கு 8 கிழமை.

"மாசியிலயே போட்டால் இன்னும் கெதியாக் காய்க்காதோ?"

காய்க்காது. முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பெப்ரவரி முதல் கிழமையே போட்டுவிட்டு, மே மாதம் இடுப்பளவு உயரத்தில் வெளிறிய கொடிகளோடு நின்றேன். வேர் கோப்பைக்குள் சுற்றிச் சுற்றிப் பாய் பின்னினது மாதிரி இருந்தது. வெளியே நட்டதும் பூவெல்லாம் கொட்டிவிட்டது. எட்டுக் கிழமை பிந்தி மச்சாள் போட்ட சின்னக் கன்றுகள் ஜூன் கடைசியில் என்னுடையவற்றை எட்டிப் பிடித்தன, ஜூலையில் தாண்டியும் போய்விட்டன.

விதை போடும் நாளை நீங்கள் முன்னுக்குத் தள்ளலாம், வெளியே நடும் நாளைத் தள்ள முடியாது. இடைப்பட்ட காலம் முழுக்கச் செடி வீட்டுக்குள் இடமில்லாமல் நெருங்கிக் கிடக்கும். பிந்திப் போடுவதால் வரும் நட்டம் முந்திப் போடுவதால் வருவதைவிடக் குறைவு.

"எந்த இனம் நல்லது?"

விதைப் பைக்கற்றில் 60 நாள், 75 நாள் என்று இருக்கும். அது விதை போட்ட நாளிலிருந்து அல்ல, கன்றை வெளியே நட்ட நாளிலிருந்து எண்ணுவது. இதைத் தெரியாமல் ஏமாந்தவர்கள் பலர். 55 முதல் 75 நாளுக்குள் இருப்பதை எடுங்கள். 'ஸ்வீற் மில்லியன்' போன்ற குட்டித் தக்காளிகள் முதல் முறை போடுபவரையும் கைவிடாது. குழம்புக்கும் ரசத்துக்கும் சதைப்பிடிப்பான 'ரோமா'. பெரிய 'பீஃப்ஸ்ரேக்' வகைகள் 80 நாளுக்கு மேல் எடுக்கும், முதல் வருடமே அதில் இறங்க வேண்டாம். நோவா ஸ்கோஷியாவின் கென்ற்வில் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான 'ஸ்கோஷியா' குளிர் நாட்டுக்கென்றே வந்த இனம்.

இன்னொன்றும் பாருங்கள். சில இனம் குட்டையாக நின்று, ஒரே கட்டமாகக் காய்த்து முடித்துவிடும். சில உறைபனி கொல்லும் வரை நீண்டுகொண்டே போய்க் காய்க்கும். பல்கனியில் சாடி வைப்பவர்களுக்குக் குட்டை இனம்தான் வசதி.

"கடைத் தக்காளியை வெட்டி அந்த விதையைப் போட்டால் என்ன?"

முளைக்கும். ஆனால் கடைக்கு வரும் தக்காளி பெரும்பாலும் தென்மேற்கு ஒன்ராறியோவில் லெமிங்ரன் பக்கத்துக் கண்ணாடி வீடுகளிலோ தெற்கு நாடுகளிலோ விளைந்த கலப்பினம். அதன் பிள்ளை தாயைப் போல இருக்காது. புளிக்கலாம், தண்ணீராக இருக்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் நன்றாகவும் இருக்கலாம். ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றப் போகிறீர்கள், மூன்று நாலு டொலர் விதைக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கலப்பில்லாத நாட்டு இனம் என்று தெரிந்தால் தாராளமாக எடுக்கலாம். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு முளைப்பைத் தடுப்பது. அதைச் சாற்றோடு ஒரு கோப்பையில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, கழுவி, தட்டில் உலர்த்துங்கள். காகிதத் துவாயில் காயவைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

"ஊரிலயிருந்து அம்மா விதை குடுத்துவிட்டவ. போடட்டோ?"

விதையும் எல்லையில் அறிவிக்க வேண்டிய பொருள்தான். தக்காளி, மிளகாய் விதைகளில் நோய்க் கிருமி வரக்கூடும் என்பதால் கனடிய உணவுப் பரிசோதனை முகமை அவற்றுக்கு விதிகள் வைத்திருக்கிறது. அடுத்த முறை யாரும் வருவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சேலை மடிப்புக்குள் வைத்து அனுப்பச் சொல்ல வேண்டாம்.

"பின்வளவு மண்ணையே கோப்பைக்குள்ள போட்டால் என்ன?"

கோப்பைக்குள் அது இறுகிக் கல்லாகிவிடும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் களிமண் வேறு. அதோடு முளையை அழுகவைக்கும் பூஞ்சணமும் அந்த மண்ணோடு உள்ளே வரும் (அந்தக் கதை பின்னால் வருகிறது). விதை முளைக்க வைப்பதற்கென்றே விற்கும் கலவையை வாங்குங்கள். அது பீற் மொஸ்ஸும் (சதுப்பு நிலத்தில் உக்கிய பாசி) பேர்லைற்றும் (சூட்டில் பொரிந்த வெள்ளைக் கல்) சேர்ந்தது, மண் அல்ல.

பீற் மொஸ் காய்ந்திருந்தால் தண்ணீரைக் குடிக்காது, மேலே மிதக்கவிடும். அதனால் கோப்பையில் போடுவதற்கு முன்பே ஒரு பேசினில் கொட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் புட்டுக்குக் குழைப்பது மாதிரிக் குழையுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் இரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது.

"என்னத்தில போடுறது? முட்டைப் பெட்டி காணுமோ?"

முட்டைப் பெட்டி பார்க்க வடிவு, ஆனால் ஆழம் இல்லை, அரை நாளில் காய்ந்துவிடும். யோகட் கோப்பை, குடித்து முடித்த கோப்பிக் கோப்பை எல்லாம் நல்லவை. அடியில் மூன்று ஓட்டை போடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு விதை, அரை சென்ரிமீற்றர் ஆழம். இரண்டும் முளைத்தால் பலவீனமானதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும்.

பெயர் எழுதி வையுங்கள், பென்சிலால். பேனை மை லைற் வெளிச்சத்தில் அழிந்து, கடைசியில் எது ரோமா எது குட்டித் தக்காளி என்று சாத்திரம் கேட்க வேண்டிவரும்.

"எத்தினை நாளில முளைக்கும்? எங்க வைக்கிறது?"

21 முதல் 27 பாகைச் சூட்டில் 5 முதல் 10 நாள். 15 பாகைப் பேஸ்மென்றில் இரண்டு கிழமையும் எடுக்கலாம். முளைக்கும் வரை வெளிச்சம் தேவையில்லை, சூடுதான் தேவை. ஃபர்னஸ் அறைப் பக்கம், பழைய பிரிட்ஜின் மேல் எல்லாம் சரி. ஈரம் போகாமல் மேலே பிளாஸ்ரிக் உறை ஒன்றை இழுத்து மூடுங்கள்.

ஐந்தாம் நாளிலிருந்து காலையும் பின்னேரமும் பாருங்கள். முதலில் வெள்ளை நூல் ஒன்று வளைந்து, தலையை மண்ணுக்குள் வைத்தபடி முதுகைக் காட்டும். அதைக் கண்ட அந்த மணித்தியாலமே உறையை எடுத்துவிட்டு லைற்றுக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். "நாளைக்குப் பார்ப்பம்" என்றால் அடுத்த கேள்விக்கு நீங்களும் ஆள். சிலவற்றில் விதைத் தோல் இலை நுனியில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கும். இழுக்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஊறவிட்டால் தானாகக் கழரும்.

"கன்று நூல் மாதிரி நீண்டு போய்ச் சரியுது. என்ன பசளை போடுறது?"

இதுதான் அதிகம் பேர் கேட்பது. பசளை போட்டால் இன்னும் மோசமாகும். அது பசியில் நீளவில்லை, வெளிச்சம் தேடி நீளுகிறது.

"யன்னலில் நல்ல வெயில் வருதே" என்பார்கள். ஊரில் வெயில் தலைக்கு மேல் நாலு பக்கமும் விழும். இங்கே மார்ச் மாதச் சூரியன் சரிவாக, ஒரு பக்கத்தால், கண்ணாடிக்குள்ளால் வருகிறது, அதிலும் பாதி நாள் முகில். மனிதக் கண்ணுக்கு அறை வெளிச்சமாகத் தெரியும், ஆனால் கன்றுக்கு அது மூலை இருட்டு. அதோடு நாங்கள் பிள்ளைக்குக் குளிரும் என்கிற மாதிரி ஹீற்றர் வாய்க்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம். சூடு கூட, வெளிச்சம் குறைய என்றால் செடி ஒரே கிழமையில் முழம் போடும். முளைத்த பிறகு 18 முதல் 21 பாகை போதும், இரவில் அதைவிடக் குறைந்தாலும் பரவாயில்லை. யன்னல் மட்டும்தான் உண்டு என்றால் தெற்குப் பக்கம் பார்த்தது வேண்டும், கன்றை நாளுக்கு ஒருதரம் திருப்பி வையுங்கள்.

ஏற்கனவே நீண்டதைக் காப்பாற்றலாம். தக்காளியின் தண்டு மண்ணில் எங்கே பட்டாலும் அங்கே வேர் விடும். ஆழமான கோப்பைக்கு மாற்றி, முதல் இரண்டு இலைக்குக் கீழே வரை தண்டைப் புதையுங்கள்.

"விசேஷமான ஊதா லைற் வாங்கவேணுமோ?"

வேண்டாம். கராஜில் தொங்கவிடும் நாலடி வெள்ளை எல்இடி லைற் போதும், பகல் வெளிச்ச நிறம் என்று பார்த்து வாங்குங்கள். செடிக்கு மேலே 5 முதல் 10 சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் விடும் பிழை லைற்றைக் கூரையிலேயே விட்டுவிடுவது. சங்கிலியில் தொங்கவிட்டால் செடி உயர உயரத் தூக்கிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணித்தியாலம். ரைமர் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். இரவில் அணைய வேண்டும், செடிக்கும் இருட்டு வேண்டும்.

"ஒவ்வொரு நாளும் தண்ணி விடவேணுமோ? குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கெண்டு ராவே பிடிச்சு வைக்கச் சொல்லினம்."

நாள் பார்த்து விடாதீர்கள், கோப்பையைத் தூக்கிப் பாருங்கள். பாரமாக இருந்தால் வேண்டாம், லேசாக இருந்தால் விடுங்கள். கோப்பைகளைத் தட்டில் அடுக்கி, தட்டில் தண்ணீர் ஊற்றி, அரை மணித்தியாலத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுவது நல்லது. வேர் கீழே இறங்கும், மேல் மண்ணும் காய்ந்திருக்கும்.

குளோரின் கதைக்கு வந்தால், ரொறன்ரோ குழாய்த் தண்ணீரில் குளோரினோடு அமோனியாவும் சேர்க்கிறார்கள். அது ஒரு இரவு திறந்து வைப்பதால் போய்விடாது. அந்த அளவு கன்றுக்குத் தீங்கும் செய்யாது. ஆனாலும் முதல் நாளே பிடித்து வைக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. மார்ச்சில் குழாயில் வருவது ஏரியின் குளிர்ந்த தண்ணீர். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு விட்டால் வேர் திடுக்கிடாது.

"நேற்று நல்லா நிண்டது. இண்டைக்குக் காலமை அடியில கிள்ளின மாதிரிச் சரிஞ்சு கிடக்கு."

மண் மட்டத்தில் தண்டு தண்ணீர் ஊறியது போல மெலிந்திருந்தால் அது அழுகல் நோய். பூஞ்சணத்தால் வருவது. விழுந்தது எழும்பாது. அந்தக் கோப்பையை மண்ணோடு எறிந்துவிட்டு, மற்றவைக்குத் தண்ணீரைக் குறைத்து, சின்ன மின்விசிறி ஒன்றை மெல்லிய வேகத்தில் ஓடவிடுங்கள். காற்று மண்ணின் மேற்பரப்பைக் காயவைக்கும். ஆட்டி ஆட்டித் தண்டையும் தடிப்பாக்கும். முளைத்த பிறகும் பிளாஸ்ரிக் உறையை எடுக்காத வீடுகளில்தான் இது அதிகம்.

கோப்பையைச் சுற்றிச் சின்னக் கறுப்புப் பூச்சி பறந்தாலும் காரணம் அதே ஈரம்தான். மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றை வைத்துவிட்டு மேல் மண்ணைக் காயவிடுங்கள்.

"சாம்பல், தேயிலைச் சக்கை, முட்டைக்கோது போடலாமோ?"

வளவில் போடுங்கள், கோப்பையில் வேண்டாம். விறகுச் சாம்பல் காரம் கூடியது. ஒரு சின்னக் கோப்பை மண்ணை ஒரு கரண்டிச் சாம்பலே மாற்றிவிடும். தேயிலைச் சக்கையில் பூஞ்சணம் பிடிக்கும். முட்டைக்கோது உக்கி முடிய உங்கள் தக்காளிக் காலமே முடிந்துவிடும்.

முதலில் வரும் இரண்டு நீட்டு இலையும் விதைக்குள் இருந்தவை. அதற்குப் பிறகு வரும், ஓரம் வெட்டுப்பட்ட இலைதான் தக்காளியின் சொந்த இலை. அது வந்த பின் தண்ணீரில் கரைக்கும் பசளையைப் பைக்கற்றில் சொன்னதில் பாதி அளவில், பத்து நாளுக்கு ஒருதரம் கொடுங்கள். இலையின் கீழ்ப்பக்கம் ஊதாவாகினால் குளிரால் வேர் சத்தை எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். பசளையைக் கூட்டாமல், சீமெந்துத் தரையிலிருந்து தூக்கி மேசையில் வையுங்கள்.

"எப்ப பெரிய சாடிக்கு மாத்துறது?"

சொந்த இலை இரண்டு மூன்று வந்ததும். இலையில் பிடித்துத் தூக்குங்கள், தண்டில் அல்ல. இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசிந்தால் வராது. நீண்ட கன்றுக்குச் சொன்ன மாதிரியே ஆழமாகப் புதைக்கலாம்.

"வெயில் நல்லதெண்டு ஒருநாள் முழுக்க வெளியில வைச்சன். இலையெல்லாம் வெள்ளையாப் போச்சு."

வெயிலில் கருகிவிட்டது. உங்களுக்கு மட்டும் இல்லை, ஒரு வருடம் நான் முப்பத்தாறு கன்றையும் டெக்கில் வைத்துவிட்டு ஒரு சாமத்திய வீட்டுக்குப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் இலைகள் நனைந்து காய்ந்த காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்தன. பேஸ்மென்ற் லைற்றுக்குக் கீழே வளர்ந்த செடி உண்மையான வெயிலையும் காற்றையும் கண்டதில்லை.

7 முதல் 10 நாள் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், காற்று அடிக்காத சுவரோரம். அடுத்த நாள் இரண்டு. மூன்றாம் நான்காம் நாளில் காலை வெயில் கொஞ்சம். ஒரு கிழமையில் அரை நாள் வெயில், பிறகு முழு நாள், கடைசி இரண்டு நாள் இரவிலும் வெளியே. 10 பாகைக்குக் கீழே போகும் என்றால் உள்ளே. வேலைக்குப் போகிறவர்கள் பின்னேரம் வீடு வந்தபின் தொடங்கினாலும் பிழையில்லை, அந்நேரத்து வெயில் மென்மையானது. வெளுத்த இலை திரும்பப் பச்சையாகாது. ஆனால் நடுக் குருத்து பச்சையாக இருந்தால் எறிய வேண்டாம், புது இலை வரும். என் முப்பத்தாறில் இருபத்தைந்தளவு பிழைத்தது.

"மே முதல் கிழமையே 22 பாகை. பக்கத்து வீட்டுக்காரர் நட்டிட்டார். நானும் நடட்டோ?"

பகலைப் பார்த்து நடாதீர்கள், இரவைப் பாருங்கள். இரவில் தொடர்ந்து 10 பாகைக்கு மேல் நிற்க வேண்டும். அதற்குக் கீழே செடி சாகாமல் விட்டாலும் வளராமல் முறைத்துக்கொண்டு நிற்கும். பிந்தி நட்டது அதை முந்திவிடும். ஏரியை அண்டிய நகரப் பகுதிக்குக் குளிர் கொஞ்சம் முந்தி விலகும். மார்க்கம், பிரம்ரன் பக்கம் வடக்கே போகப் போக ஒரு கிழமை பொறுப்பது நல்லது.

நட்ட பிறகு உறைபனி எச்சரிக்கை வந்தால் பழைய படுக்கை விரிப்போ கவிழ்த்த வாளியோ போதும். காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்ரிக் இலையில் படக் கூடாது, பட்ட இடம் கருகும்.

"நடேக்கை என்ன கவனிக்கவேணும்?"

பின்னேரம் அல்லது முகில் மூடிய நாளில் நடுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் மூன்றில் இரண்டு பங்கைப் புதைத்தாலும் சரி. மிக நீண்டதைச் சரிவான கானில் படுக்கவைத்து, தலையை மட்டும் வெளியே விடுங்கள். கன்றுக்குக் கன்று இரண்டடி. கம்போ கம்பிக் கூடோ அன்றைக்கே ஊன்றுங்கள், பிறகு குத்தினால் வேரில் போகும். இரவில் தண்டைத் தறிக்கும் புழு உண்டு. அடி வெட்டிய கோப்பிக் கோப்பையை வளையம் மாதிரி மாட்டிவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் கோடை நடுவில் நல்ல செடி திடீரென்று வாடினால் பக்கத்தில் கறுப்பு வோல்நட் மரம் நிற்கிறதா என்று பாருங்கள், அயல் வீட்டு மரமானாலும். அதன் வேரில் சுரப்பது தக்காளிக்கு நஞ்சு. அந்த வளவில் சாடியில்தான் வளர்க்கலாம்.

"கடையில நாலைஞ்சு டொலருக்குக் கன்று விக்கினம். பிறகேன் இவ்வளவு பாடு?"

இரண்டு மூன்று செடிதான் வேண்டும் என்றால் கடையில் வாங்குங்கள், நான் குறை நினைக்க மாட்டேன். லைற், கலவை, ரைமர் எல்லாம் சேர்த்தால் முதல் வருடம் நட்டம்தான். ஆனால் கடையில் ஏழெட்டு இனம் நிற்கும், விதைப் பட்டியலில் நூற்றுக்கணக்கில் உண்டு. இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். மார்ச் மாதம், வெளியே ஊத்தைப் பனி குவிந்து கிடக்கும்போது, பேஸ்மென்றுக்கு இறங்கி ஒரு கன்றை விரலால் தடவிவிட்டு அந்தத் தக்காளி இலை மணத்தை முகர்வதற்கு நான் காசு கணக்குப் பார்ப்பதில்லை.

"நாப்பது முளைச்சிட்டுது, எனக்குப் பத்துத்தான் வேணும். மிச்சத்தை என்ன செய்யிறது?"

முளைத்தவுடனேயே வெட்டிக் குறைக்க வேண்டும் என்று தெரிந்தும், நானும் ஒருநாளும் செய்ததில்லை. நடும் கிழமையில் மிஞ்சியவற்றைப் பெயரோடு ஒரு பெட்டியில் அடுக்கி, 'எடுங்கோ' என்று எழுதி வாசலில் வைப்பேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. இரவுக்குள் பெட்டி வெறுமையாகிவிடும், சில வேளை பெட்டியையும் காணோம்.